நம்மிடம் கேட்டு எழுதியது நம் கைக்கு வரட்டும்

ஏற்காட்டு மலையின் மேற்தட்டில், 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் இருக்கிறது. பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து போவார். தாழ்வான குகை, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மலையாளி ஜனங்கள் திரண்டு வருவார்கள். மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று எண்ண வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு மூன்று மலைகளுக்குப் போனதாகவும், மூத்தவன் வழி வந்தவர்கள் தாங்கள் என்றும் கதை சொல்லுவார்கள். மலைக்கே அந்தச் சாமியின் பேர்தான். வெள்ளைக்காரன் வாயில் அது 'ஷெவராய்' ஆயிற்று.

இந்தக் குகைக்கும் பிரஞ்சு மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

2006ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. வன நிலத்தில் உழுது பிழைக்கும் மலைவாசிக் குடும்பம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்து வருவதைக் காட்டினால் உரிமை கேட்கலாம். எதைக் காட்டுவது? பட்டா இருந்தால் ஏன் இந்தப் பாடு! ஆகவே 2008ல் வந்த விதிகள், எவையெவை சான்றாகும் என்று ஒரு பட்டியல் கொடுத்தன. பழைய கிணறு, இடுகாடு, புனித ஸ்தலம் ஆகியவை சான்று. ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதி வைத்தால் அது சான்று. அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: பேர் பெற்ற ஸ்தாபனங்கள் ஜனங்களின் பழக்க வழக்கங்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைப் பார்த்தே கிராம சபை முடிவு செய்ய வேண்டும் என்பது விதி.

ஆக, ஆராய்ச்சி என்பது பண்டிதர்களின் பொழுதுபோக்கல்ல. சில சமயம் அது அரை ஏக்கர் சாமைக் கொல்லையின் பத்திரம். அந்தப் பத்திரம் அன்னிய மொழியில், அன்னிய ஊர் நூலகத்தில் கிடந்தால், கொல்லைக்காரனுக்கு என்ன பிரயோசனம்?

ஆராய்ச்சி என்றால் நம் தோழர்களில் சிலர் கொட்டாவி விடுகிறார்கள். பிரஞ்சுக்காரர் ஆராய்ச்சி என்றாலோ எழுந்தே போய்விடுவார்கள். ஏற்காட்டுக்காரருக்குப் பிரஞ்சு என்றால், பிரான்சில் தோன்றிய கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917ல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். மில் தொழிலாளிக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1936 ஜூலை 30ந் தேதி புதுச்சேரி சவானா மில் தொழிலாளர் மீது பிரஞ்சு சர்க்காரின் படை சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அந்த ரத்தத்தின் மேல்தான் அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. பிரஞ்சு என்றால் துப்பாக்கி என்று ஒரு பாட்டாளி நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் 1954 நவம்பர் 1ந் தேதி புதுச்சேரியில் ஆட்சி கைமாறியது. மறு வருஷமே, 1955ல், அதே ஊரின் கடற்கரையில் பிரஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. ழான் பிலியோசா என்ற சமஸ்கிருதமும் தமிழும் கற்ற அறிஞர் அதன் முதல் தலைவர். கொடியை இறக்கியவர்கள் நூலகத்தை விட்டுப் போனார்கள் என்று சொல்லலாம். 70 ஆண்டுகளாக அந்த நிறுவனத்திலும், அதன் பக்கத்துணையான தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரஞ்சுக் கல்விக்கழகத்திலும், தமிழ் நாட்டைப் பற்றிப் பிரஞ்சு மொழியில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் நமக்கு ஆகாதது உண்டு. நமக்கு அவசியமானதும் உண்டு. நமக்குப் பிரஞ்சு தெரியாது. ஆங்கிலத்தில் வந்தவற்றைக் கொண்டும், மொழி தெரிந்த நண்பர்கள் சொல்லக் கேட்டும்தான் இதை எழுதுகிறோம். இதுவே நிலைமைக்கு ஒரு சாட்சி.

பழைய கதை ஒன்றை முதலில் சொல்லிவிடுவோம். தெற்கே மதப் பிரசாரம் செய்த துபுவா என்ற பிரஞ்சுப் பாதிரியார், இந்திய ஜனங்களின் பழக்க வழக்கங்கள், சடங்குகள் பற்றி ஒரு கையெழுத்துப் பிரதியை வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை 2,000 வராகன் கொடுத்து வாங்கி, 1816ல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சிட்டது. கம்பெனிக்காரன் கல்வி தாகத்தால் வராகன் கொடுப்பவனா? ஆளப்படும் ஜனங்களை அறிந்தால் ஆளுவது சுலபம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புஸ்தகத்தின் பெரும்பகுதி துபுவாவின் சரக்கே அல்ல. அவருக்கு முந்திய கெர்து என்ற ஏசுசபைப் பாதிரியார் எழுதி வைத்ததிலிருந்து எடுத்தது. இதை 1987ல் அம்பலப்படுத்தியவர் சில்வியா மூர் என்ற பிரஞ்சு ஆராய்ச்சியாளர்தான். ஆராய்ச்சிக்கு இரண்டு கைகள் உண்டு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

புதுச்சேரி நிறுவனத்தின் ஆரம்ப காலத்து உழைப்பெல்லாம் ஓலைச்சுவடிக்கும் ஆகமத்துக்கும் போயிற்று. புதுச்சேரியில் சேர்த்து வைத்த சைவச் சுவடிகளை 2005ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நல்ல காரியம்; கரையான் தின்னாமல் காத்தார்கள். ஆனால் ஆகமம் யாருடைய கோயிலைப் பேசுகிறது? மானியமும் நிலமும் பெற்ற கற்கோயிலைப் பேசுகிறது. கல் சுமந்தவனின் சாமிக்கு ஆகமத்தில் இடமில்லை. சேர்வராயன் குகைக்குச் சுவடி கிடையாது. அதன் சுவடி கிழவர், கிழவிகளின் வாயில் இருக்கிறது. அந்த வாய் மூடிவிட்டால் நூலகம் எரிந்த மாதிரிதான்.

வாயிலிருந்து கேட்டு எழுதும் வழியும் பிரஞ்சுக்காரரிடம் உண்டு. லூயி துய்மோன் என்பவர் 1949, 1950ல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமத்தில் தங்கி, அவர்களுடைய உறவுமுறை, குலதெய்வம், நிலம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். உலக யுத்தத்தில் ஜெர்மனியில் கைதியாக இருந்தபோது சமஸ்கிருதம் படித்த மனிதர். பிரஞ்சுப் புஸ்தகம் 1957ல் வந்தது. ஆங்கிலத்தில் வர 1986 ஆயிற்று. கேட்டதற்குப் பதில் சொன்ன பெரியவர்களில் எத்தனை பேர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள்!

அவருடைய கிராம விசாரணையில் உழைப்பு தெரிகிறது. ஆனால் 1966ல் ஜாதியைப் பற்றி அவர் எழுதிய பெரிய புஸ்தகத்தை நாம் ஏற்க முடியாது. சுத்தம், அசுத்தம் என்ற எண்ணத்தின் மேல்தான் ஜாதிக் கட்டடம் நிற்கிறது என்றார். நிலமும் கூலியும் அதிகாரமும் இரண்டாம் பட்சம் என்ற மாதிரி எழுதினார். தஞ்சைப் பண்ணையாளைக் கேட்டிருந்தால் வேறு கணக்குக் கிடைத்திருக்கும். சுத்த அசுத்தம் பார்த்த மிராசுதார், அந்த அசுத்தக் கை நட்ட நெல்லை மட்டும் தீட்டென்று தள்ளவில்லையே! இந்தக் கேள்வியைப் பிரான்சிலேயே கேட்டார்கள். குளோத் மேயாசு என்ற மார்க்சிய ஆராய்ச்சியாளர் 1973ல், இந்தியாவில் இருப்பது ஜாதிதானா என்று தலைப்பிட்டு துய்மோனுக்குப் பதில் எழுதினார். யாருடைய உழைப்பை யார் சாப்பிடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு ஜாதியைப் பேச முடியாது என்பது அவர் வாதம். பிரஞ்சுக்காரர் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று எண்ணும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மேயாசு 1975ல் எழுதிய இன்னொரு புஸ்தகம் நம் மலைக்கு நேராகவே பொருந்துகிறது. பெண்கள், களஞ்சியங்கள், மூலதனம் என்பது தலைப்பின் பொருள். அவர் வேலை செய்தது மேற்கு ஆப்பிரிக்காவில். அவர் கேட்ட கேள்வி இதுதான்: தோட்ட முதலாளி எப்படி இவ்வளவு குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கிறான்? மனிதன் வேலை செய்யும் நாளுக்கு மட்டும் கூலி. அவன் குழந்தையாக இருந்தபோது சோறு போட்டது யார்? காய்ச்சலில் படுத்தால் கஞ்சி ஊற்றுவது யார்? கிழவனானால் காப்பது யார்? ஊரில் உள்ள சிறு நிலமும், அதில் பாடுபடும் பெண்களும். அந்தச் செலவு முழுவதையும் கிராமத்தின் தலையில் கட்டிவிட்டு, முதலாளி லாபத்தை மட்டும் எடுத்துப் போகிறான். கிராமத்து நிலம் முழுக்க அழிந்தாலும் அவனுக்கு நஷ்டம். முழுக்க செழித்தாலும் ஆள் வராது. ஆகவே குற்றுயிராக வைத்திருக்கிறான்.

இனி ஏற்காட்டைப் பாருங்கள். 1820களிலேயே காக்பர்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின. மலையாளிக் குடும்பம் தன் கொல்லையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கும். பழம் சிவந்ததும் தோட்டத்துக்குப் போய்ப் பறிக்கும். பறிப்பு முடிந்ததும் கணக்கு முடிந்தது. மீதி மாதங்களில் அந்தக் கைகளுக்குச் சோறு போட்டது தோட்டமல்ல, கொல்லை. கொல்லைதான் தோட்டத்துக்கு மானியம் கொடுத்தது! தோட்டக்காரர் ஜனங்களை வாழ வைக்கிறார் என்ற பேச்சை இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யார் யாரை வாழ வைத்தது என்ற கணக்கு இப்படித் தலைகீழாக நிற்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் பஞ்சாலை விடுதியில் அடைத்து வேலை வாங்கப்படும் பெண் உடல் கெட்டால் எங்கே அனுப்பப்படுகிறாள்? தகப்பன் வீட்டுக்கு. அதே கணக்குத்தான்.

மலைவாசியின் கொல்லை ஏன் முக்கியம், வன உரிமைப் பத்திரம் ஏன் முக்கியம் என்று கூலித் தொழிலாளிக்கு விளங்க வைக்க இந்த வாதம் எவ்வளவு உதவும்! கொல்லை போனால் மலையாளி முழுக்கூலியாகிக் கிடைத்த கூலிக்கு வருவான். மற்ற எல்லாக் கூலியும் இறங்கும்.

இன்னொரு புஸ்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வீரம்மா என்ற பெண். தாழ்த்தப்பட்ட குலம், ரெட்டியார் பண்ணையில் வயல் வேலை, பிரசவம் பார்ப்பாள், ஊருக்கே பாட்டுக்காரி. 12 குழந்தைகளைப் பெற்றுப் பலரைப் பறிகொடுத்தவள். ஜோசியான் ரசீன் என்ற தமிழறிந்த பெண்மணி பாட்டுச் சேகரிக்கப் போனவர், பாட்டோடு நிற்காமல், பத்து ஆண்டுகள் அவளிடம் பேசிப் பேசி முழு வாழ்க்கையையும் பதிவு செய்தார். கணவர் ழான் லுய்க் ரசீனும் சேர்ந்து எழுத, 1995ல் பாரிசில் புஸ்தகம் வந்தது. பறையர் வாழ்வு ஒன்று, அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்று தலைப்பு. அட்டையில் ஆசிரியர் பேர்களில் வீரம்மாவின் பேரும் உண்டு. அதற்காகவே அந்த இருவருக்கும் நாம் மரியாதை செலுத்துகிறோம். நாத்து நட்ட பெண்ணின் பேரை நூலாசிரியர் என்று போட்ட பதிப்பாளர் உலகத்தில் எத்தனை பேர்?

வீரம்மா நம் பத்திரிகை விரும்புகிற வீராங்கனை அல்ல. செங்கொடி பிடித்துப் போராடியவள் அல்ல. எஜமானுக்குப் பணிவதும், தலைவிதி என்று ஏற்பதும் அவள் பேச்சில் நிறைய வரும். நம் கட்டுரையாளர் யாராவது எழுதியிருந்தால் அந்தப் பகுதிகளையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்தில் அவள் கையில் ஒரு கொடியைக் கொடுத்திருப்பார். ரசீன் தம்பதிகள் அப்படிச் செய்யவில்லை. பயமும் கேலியும் பாட்டும் பக்தியும் ஒரே மனுஷியிடம் எப்படிச் சேர்ந்து கிடக்கின்றன என்று அவள் சொன்னபடியே விட்டார்கள். விவசாயத் தொழிலாளர் மத்தியில் சங்கம் கட்டப் போகிற வாலிபன் இதைப் படித்தால், தான் போய்ப் பேசப் போகும் பெண்ணின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவான். நம் துண்டுப் பிரசுரங்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆனால் யோசியுங்கள். அவள் பேசியது தமிழ். முதலில் அச்சானது பிரஞ்சு. 1997ல் ஆங்கிலம் வந்தது. பாரிசில் ஒரு மாணவன் ரயிலில் உட்கார்ந்து வீரம்மாவின் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவளோடு வரப்பில் நின்ற பெண்கள் அதில் ஒரு வரியை அறிந்திருப்பார்களா?

கடனைப் பற்றிய ஆராய்ச்சி இதைவிட அவசரமானது. இசபெல் கெரன் என்ற பிரஞ்சுப் பொருளாதார ஆராய்ச்சியாளர், புதுச்சேரி நிறுவனத்தைச் சேர்ந்த வெங்கடசுப்பிரமணியன், சந்தோஷ் குமார் முதலிய தமிழ் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து கடலூர், விழுப்புரம் கிராமங்களில் பல ஆண்டுகளாக விசாரணை நடத்தியிருக்கிறார். 2010ல் 10 கிராமங்களில் 405 குடும்பங்களை எடுத்து, யார் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2016, 2017ல் மறுபடி அதே வட்டாரத்துக்குப் போனார்கள். நடுவில் 2016 நவம்பர் 8ந் தேதி நோட்டுச் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. வேலை நின்றது, கூலி நின்றது. ஜனங்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் அங்கேயே நின்று குறித்துக்கொண்டார்கள். அறிந்தவன், உறவுக்காரன், எஜமான் என்று முகத்தைப் பார்த்துக் கிடைக்கும் கடனை முன்னைவிட அதிகம் நம்ப வேண்டியதாயிற்று என்பது அவர்கள் கண்டது. அப்படி ஆளில்லாதவன் கதி அதோகதிதான்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தைப் பற்றி இவர்கள் சொன்னது முக்கியமானது. கொத்தடிமை என்பது பழைய பண்ணை முறையின் மிச்சம், நவீன தொழில் வந்தால் தானாகச் செத்துவிடும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். நம்மிலும் அப்படிப் பேசியவர்கள் உண்டு. அப்படியல்ல, நகரத்துக் கட்டட வேலைக்குச் செங்கல் கொடுக்கும் நவீன தொழிலே புதிய கொத்தடிமையை உண்டாக்குகிறது, முன்பணம்தான் அதன் விலங்கு என்று கிராமம் கிராமமாகக் காட்டினார்கள். 2023ல் கெரனும் அந்த இரு தமிழர்களும் சேர்ந்து கடன்பட்ட பெண்ணைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள். குழுக் கடனும் கந்துவட்டியும் நகை அடமானமுமாகக் குடும்பத்துக் கடனையெல்லாம் வாங்குவதும் அடைப்பதும் வசவு கேட்பதும் பெண்தான் என்று அதில் விவரிக்கிறார்கள். சேலம் ஜில்லாவில் எந்தத் தெருவிலும் திங்கட்கிழமை காலை இதைக் காணலாம். ஆனால் காண்பது வேறு, எண்ணிக்கையோடு எழுதி வைப்பது வேறு. கலெக்டரிடம் மனுக் கொடுக்கும்போது நாம் கண்ணீரைக் கொண்டு போகிறோம். அவர் கணக்கைக் கேட்கிறார்.

பிரான்சில் இவை பொதுஜன விஷயமாகப் போராட்டத்தோடு சேர்ந்ததும் உண்டு. தபால் ஊழியர் மகனான பியர் பூர்தியே, 1993ல் பல ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வேலையிழந்தவர், ஆலைத் தொழிலாளி, குடியேறிய கூலி இவர்களின் பேச்சையே தொகுத்து ஒரு பெரும் புஸ்தகம் போட்டார். 1995 டிசம்பரில் பென்ஷன் வெட்டை எதிர்த்து ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 12ந் தேதி பாரிஸ் லியோன் ரயில் நிலையத்தில் அவர்கள் மத்தியில் போய் நின்று ஆதரித்துப் பேசினார். நம் ஊர்ப் பேராசிரியர்களில் எத்தனை பேர் ஆலை வாசலில் நின்றார்கள் என்று எண்ண ஒரு கை விரல் போதும். அந்த ஒரு கைக்குள் வருகிறவர்களுக்கு நம் வணக்கம்.

2016ல் பிரான்சு ஒரு சட்டமும் செய்தது. பாதியாவது பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பதிப்பாளன் பூட்டி வைக்க முடியாது. சமூக ஆராய்ச்சியானால் 12 மாதத்துக்குப் பிறகு எழுதியவர் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடலாம். வரி கொடுத்தவனுக்குப் படிக்க உரிமை உண்டு என்பது நியாயம். இதோடு ஒரு படி மேலே போக வேண்டும் என்கிறோம். பணம் கொடுத்தவனுக்கு உரிமை உண்டென்றால், பேச்சைக் கொடுத்தவனுக்கு இல்லையா? கூலி நேரத்தை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தன் கடனையும் கலியாணத்தையும் சாவையும் சொன்னவனுக்கு? பூட்டைத் திறந்துவிட்டார்கள், சரி. உள்ளே இருப்பது பிரஞ்சில் அல்லவா இருக்கிறது!

அன்னியர் ஆராய்ச்சியே வேண்டாம், உளவு வேலை என்று ஒதுக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். துபுவாவின் பிரதியைக் கம்பெனி வாங்கியது உண்மை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையின் பாக்சைட்டை வெட்டியவர்கள், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்தே வெட்டினார்கள். அதற்குப் பிரஞ்சுக்காரர் வர வேண்டியிருக்கவில்லை. எதிரி படித்துக்கொண்டேயிருக்கிறான். நாம் படிக்க மாட்டோம் என்று சபதம் செய்தால் யாருக்கு லாபம்?

ஆகவே ஆராய்ச்சியாளர் யார் வந்தாலும், பிரஞ்சுக்காரரோ பெரியார் பல்கலைக்கழக மாணவரோ, கிராம சபையும் சங்கமும் வாசலிலேயே கேட்க வேண்டும்: எழுதி முடித்ததும் சாரத்தைத் தமிழில் எங்களுக்குக் கொடுப்பீர்களா? ஊர் கூடிய இடத்தில் படித்துக் காட்டுவீர்களா? எங்கள் நிலம், எங்கள் சாமி, எங்கள் இடுகாடு பற்றி எழுதியதன் பிரதி ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்குமா? இது அதிகப்படியான கோரிக்கையல்ல. 405 குடும்பத்தைக் கணக்கெடுக்கச் செலவழிக்கத் தெரிந்த இடத்தில் 40 பக்கத் தமிழ்ப் பிரசுரத்துக்கும் பணம் பிறக்கும். நல்ல ஆராய்ச்சியாளர்கள் இதை மறுக்கவும் மாட்டார்கள்; பலருக்கு யாரும் இதுவரை கேட்கவில்லை என்பதே குறை.

தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் சர்க்காரும் மொழிபெயர்ப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில் காவியங்களோடு இந்த விசாரணைகளையும் சேர்க்க வேண்டும். புதுச்சேரியில் பிரஞ்சு படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இது வேலை.

மலைக் கிராமத்து வாலிபர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெரியவர் சொன்னதை எழுதி வைத்தால் சான்று என்று விதியே சொல்லுகிறது. மே 1ந் தேதி கிராம சபை. அதே மாதம் சேர்வராயன் திருவிழா. மலையின் கிழவர்களும் கிழவிகளும் ஓரிடத்தில் சேரும் நாள் அது. எந்தக் கொல்லையை யார் பாட்டன் திருத்தினான், எந்த இடுகாட்டில் யார் கிடக்கிறார்கள், குகைக்கு எந்த ஊரார் எதைக் கொண்டுவருவது வழக்கம் என்று ஊருக்கு ஒரு நோட்டில் எழுதி, சொன்னவர் ரேகையையும் தேதியையும் வாங்கிவிடுங்கள். நோட்டு வாங்கக் காசில்லாத ஊருக்குச் சேலம் சங்க அலுவலகத்திலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.